வெள்ளைச்சாமி அண்ணாச்சியின் பென்சில் நோட்டு

அன்று காலை ஏழேகாலுக்கு வெள்ளைச்சாமி அண்ணாச்சியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது, நான் ராஜபாளையத்திலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் அழைத்தால் திருவில்லிபுத்தூரில் ஏதோ ஒரு லாட்ஜிலோ மருத்துவமனையிலோ வைஃபை தகராறு செய்கிறது என்று பொருள். எடுத்தவுடனே, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எந்தப் பெட்டி கத்துது?" என்று கேட்டேன். மறுமுனையில் பேசியது அவருடைய மனைவி பேச்சியம்மாள் மதினி.

"அவிய இல்ல மேடம்."

ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறார் என்று நினைத்தேன். "எப்ப வருவாக மதினி?" என்று கேட்டுவிட்டேன்.

மதினி "விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாக. ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார். நான் கேட்ட கேள்விக்காக அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க மெதுவா வாங்க" என்று மட்டும் சொன்னார்.

கல்லூரி வாசலில் இறங்கி உள்ளே போகாமல், அடுத்த பேருந்தைப் பிடித்து மடவார் வளாகத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். நம் கல்லூரியிலிருந்து உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது, நம்மில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "தங்கமான மனுசன். அந்த ஒரு பரீட்சை அன்னைக்கு மட்டும் அப்படிப் பண்ணாம இருந்திருந்தா, இன்னைக்கு வரைக்கும் நம்ம கூடவே இருந்திருப்பாரு." மூன்று நான்கு பேர் தலையை அசைத்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் செய்யாத ஒன்றை வைத்து அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அதைச் செய்தது யார் என்று அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்போது உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருந்தார். இன்னொருவர் நான். நம் கல்லூரியின் இந்த இதழுக்காக அவரைப் பற்றி எழுதும்படி கேட்டார்கள். எழுத ஒப்புக்கொண்டதற்கு முதல் காரணம் அதுதான். ஆனால் அதை மட்டும் எழுதினால், அந்த ஒரு நாளுக்குள்ளேயே அவரை மறுபடியும் அடைத்துவிட்டதாக ஆகும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, ஒப்பந்த டெக்னீஷியனாக அவர் நம் கல்லூரிக்கு வந்தார். நான் எம்.சி.ஏ. படித்தவள். கல்லூரி நெட்வொர்க்குக்கு அப்போது தற்காலிகப் பொறுப்பாளராக இருந்தேன். வயர்லெஸ் பற்றி நான் அறிந்ததெல்லாம் புத்தகத்திலிருந்தும் தேர்வுகளிலிருந்தும் வந்தது. மீசையும் இஸ்திரி கலையாத சட்டையுமாக ஒருவர் வந்து நின்று, "சிக்னல் எனக்குப் பழக்கம் மேடம்" என்றபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. வானொலிப் பெட்டியும் வைஃபையும் ஒன்றல்ல என்று சொல்லவும் செய்தேன். "காத்து ஒண்ணுதானே மேடம்" என்றார்.

முதல் மாதத்திலேயே நூலகத்தில் பிரச்சினை வந்தது. நூலகர் தமயந்தி, மாணவர்களுடைய ஃபோனில் கோடு குறைவாகக் காட்டுகிறது, கூரையில் இருக்கும் பெட்டிகளின் பவரைக் கூட்ட வேண்டும் என்று கடிதம் எழுதினார். நாம் 'ஏ.பி.' என்று சொல்லும் அக்சஸ் பாயின்ட்டுகளைத்தான் அண்ணாச்சி கடைசி வரை 'பெட்டி' என்றே சொன்னார். அவர் போய் மூன்று பெட்டிகளின் பவரையும் பாதியாகக் குறைத்துவிட்டு வந்தார். தமயந்தி என் அறைக்கே வந்துவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி, நான் கூட்டச் சொன்னா நீங்க கொறைச்சுட்டு வந்து நிக்கீக?"

"கோவப்படாதீக தாயி. பெட்டி மைக் வச்சுப் பேசுத ஆளு. உங்க ஃபோனு வாயால பேசுத ஆளு. மைக் சத்தம் உங்களுக்கு நல்லாக் கேக்கும், அதான் கோடு நாலு காட்டும். நீங்க பதில் சொன்னா அந்த ஆளுக்குக் கேக்கணும்ல? போதாததுக்கு மூணு பெட்டியும் ஒரே சேனல்ல நின்னு ஒண்ணு மேல ஒண்ணு கத்துது. பந்தியில மூணு பேரு ஒரே நேரத்துல 'சாம்பார், சாம்பார்'னா யாருக்கு ஊத்த?"

"அப்ப கோடு?"

"கோடு கெடக்கட்டும். பக்கம் தொறக்குதான்னு பாருங்க."

பக்கம் திறந்தது. ஆனால் நான் அதை நம்பவில்லை. ஒரு வாரம் தினமும் காலையும் மாலையும் நானே அளந்து பார்த்தேன். நூலகத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. அதே உற்சாகத்தில் மாணவியர் விடுதியிலும் பவரைக் குறைத்தார். அது பழைய கட்டடம், சுவர்கள் முக்கால் முழம் கனம். கோடியில் இருந்த நான்கு அறைகளில் இணைப்பே போய்விட்டது. அளந்த தாளைக் காட்டினேன். "அது செவிட்டுச் சுவரு மேடம். என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் மாற்றினார். அன்று முழுவதும் தேநீருக்குக்கூட வரவில்லை. தவறை ஒப்புக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள் வருத்தமாக இருப்பார். படித்தவர்கள் பலரிடம் இதற்கு நேர்மாறாகப் பார்த்திருக்கிறேன். என்னையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் நேர்கீழே சுவரில் சாக்பீஸால் ஓர் எண் எழுதி வைத்திருப்பார், நினைவிருக்கும். ஒன்று, ஆறு, பதினொன்று. பெட்டிகள் பேசும் அலைத்தடங்களில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அவை. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒரே எண்ணில் நிற்கக் கூடாது என்பதற்காக எழுதியது. புதிதாக வந்த மாணவர்கள் அதைத் தேர்வு அறை எண் என்று நினைத்துக்கொண்டு தேடி அலைந்ததும் உண்டு. ஆயுத பூஜையன்று துப்புரவுப் பணியாளர்கள் ஏணி போட்டு ஏறி எல்லாப் பெட்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பெட்டிகள் கெட்டுவிடும் என்று நான் பதறினேன். அண்ணாச்சி கீழே நின்று ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டிக்கொண்டிருந்தார்: "யக்கா, அந்த ஓட்டையில வேண்டாம், அது மூச்சு விடுத எடம். நெத்தியில வைங்க, நெத்தியில." கணினி மையத்து வாசலில் இருக்கும் பெட்டியில் அவர் காட்டிய இடத்தில் வைத்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. நீள நோட்டு ஒன்றை எப்போதும் சட்டைக்குள் இடுப்பில் செருகி வைத்திருப்பார். எந்தப் பெட்டி எந்தச் சேனலில் இருக்கிறது, பவர் எவ்வளவு, எந்த அறையில் எத்தனை பழைய கணினிகள் என்று எல்லாம் அதில் பென்சிலால் எழுதியிருக்கும். பேனாவால் எழுதினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "இதெல்லாம் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு மாறும் மேடம். மாறுததைப் பேனாவுல எழுதுனா அடிச்சு அடிச்சு நோட்டே நாறிப் போயிரும்" என்றார். அதுவரை சரி. ஆனால் அந்த விவரங்களைக் கல்லூரிக் கோப்பில் பதிவு செய்யச் சொன்னால் மாட்டார். பாஸ்வேர்டுகளை எந்த நோட்டிலும் எழுதவே மாட்டார்.

"எழுதி ஃபைல்ல வச்சா அது ரகசியம் இல்லை மேடம். நோட்டீஸு."

"நாளைக்கு நீங்க இல்லைன்னா நான் யாரைக் கேக்க?"

"இல்லாம எங்க போகப் போறேன்? போனா மடவார் வளாகம். ஒரு போன் போடுங்க."

எத்தனையோ முறை இதே வாக்குவாதம். அவர் எழுதவில்லை. ஒருகட்டத்தில் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். பின்னால் நடந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருக்குச் சொல்லும் வழக்கம் இல்லை, எனக்குக் கேட்கும் வழக்கம் போய்விட்டது.

ஒருமுறை ஊழியர்கள் எல்லோரும் அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். மலைக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவராக ஃபோனை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடினார்கள். அண்ணாச்சி மட்டும் ஃபோனை அணைத்துத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, தண்ணீரில் காலை நீட்டி உட்கார்ந்தார். "எம்புட்டு அமைதியா இருக்கு பாருங்க மேடம். காத்துல ஒருத்தனும் கத்தல" என்றார். அவர் குடும்பத்தார் ஆண்டுதோறும் அங்கே பொங்கல் வைப்பது வழக்கம். அந்த ஒரு நாள் யார் அழைத்தாலும் அவர் கிடைக்க மாட்டார். அது நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இனி அந்தப் பரீட்சைக்கு வருகிறேன்.

கணினித் துறை அல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஃபோனுக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்றில் போகும் பேச்சை வேறு யாரும் பிடித்துப் படித்துவிடாதபடி மாற்றி அனுப்புவதுதான் குறியாக்கம். அதில் பழைய முறை உண்டு, அதைவிட வலுவான புதிய முறை உண்டு. புதிய முறையைப் பழைய கணினிகளுக்குப் பேசத் தெரியாது. புதியதை மட்டும் வைத்தால் அவை வாசலிலேயே நின்றுவிடும்.

அந்த வாரம் நம் கல்லூரிக்குப் பாதுகாப்புத் தணிக்கை வரவிருந்தது. ஆகவே எல்லா வைஃபையையும் புதிய முறைக்கு மாற்றியிருந்தேன். தணிக்கைக்கு முன் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தபோது, எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் கன்ட்ரோலரில் 'பழைய லேப்' என்ற பெயரில் ஒரு நெட்வொர்க் இருப்பதைக் கண்டேன். யார் ஃபோனிலும் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. குறியாக்கம் பழைய முறை. கல்லூரிக் கோப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறைத்து வைத்த, பதிவில்லாத, பலவீனமான ஒரு வழி. நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அண்ணாச்சி தன் வசதிக்காகக் கள்ளத்தனமாக ஒன்றை வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவருக்கு ஒரு முறை அழைத்தேன். 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்றது. அன்றுதான் அவர் அய்யனார் கோவிலில் பொங்கல் வைக்கப் போயிருந்தார். மறுநாள் வரை நான் காத்திருக்கவில்லை. அந்த நெட்வொர்க்கை அழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒரு நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தேர்வு. பத்து மணிக்கு இணையவழியில் தொடங்கும், பத்தரைக்குள் நுழையாதவர்கள் எழுத முடியாது. இரண்டாம் மாடி ஆய்வகத்தில் முப்பத்தெட்டு மாணவர்கள் பழைய லேப்டாப்புகளின் முன் உட்கார்ந்திருந்தார்கள். அந்த லேப்டாப்புகள் பாஸ்வேர்டு கேட்டன, கொடுத்தால் மறுபடியும் கேட்டன. நான் ஒவ்வொரு மேசையாக ஓடினேன். காரணம் என் கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. முதல் வரிசையில் ஒரு பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவு கோவிலிலேயே தங்கியிருந்த அண்ணாச்சி நேராகப் பத்து இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தார். நெற்றியில் பொங்கல் வைத்த திருநீறு அப்படியே இருந்தது. கன்ட்ரோலரைத் திறந்தார். ஒரு நொடி திரையைப் பார்த்தார், அடுத்த நொடி என்னைப் பார்த்தார். அந்த நெட்வொர்க்கைத் திரும்ப உருவாக்கினார். முப்பத்தெட்டு லேப்டாப்புகளும் இணைந்தபோது மணி பத்து முப்பத்தொன்று.

அப்போதைய முதல்வர் வாசலில் நின்றிருந்தார். "யார் இதில கை வச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான். திறக்கவில்லை.

"நான்தான் சார்" என்றார் அண்ணாச்சி. "முந்தாநாளு சாயங்காலம் மாத்துனேன். மேடத்துட்ட சொல்லாமக் கோயிலுக்குப் போயிட்டேன்."

அந்த நிறுவனம் மூன்று வாரம் கழித்து வேறொரு நாள் கொடுத்தது, முப்பத்தெட்டு பேரும் எழுதினார்கள். ஆனால் அந்த நாளைக் கேட்டு எழுதிய கடிதத்தில், 'ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதிக் கொடுத்தது நான். ஒப்பந்தம் முடிந்ததும் அவரை மறுபடி அழைக்கவில்லை. எனக்குப் பொறுப்பாளர் பதவி அந்த மாதம்தான் நிரந்தரமாக வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு இன்னொருவரும் காத்திருந்தார். இதைக் காரணமாகச் சொல்கிறேன், நியாயமாகச் சொல்லவில்லை. நெட்வொர்க்கை அழித்தவர் யார் என்று கன்ட்ரோலரின் பதிவில் என் பெயரோடு, மணி நிமிடத்தோடு இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் பழைய பதிவுகள் தாமாகவே அழிந்துபோகும். அதுவும் அழிந்தது.

அது அழிவதற்கு முன் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர் வீட்டு முன்னறையிலேயே சொந்தமாக வேலை தொடங்கியிருந்தார். லாட்ஜுகளுக்கும் வீடுகளுக்கும் வைஃபை அமைத்துத் தருவது. என்ன பேச வேண்டும் என்று பேருந்திலேயே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். மதினி பால்கோவாத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்தினார்.

"விடுங்க மேடம். நீங்க சும்மாதான் இருந்தீக. பொய் சொன்னது நான்."

"ஏன் சொன்னீக?"

ஏதாவது பெருந்தன்மையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பால்கோவாவை ஒரு வாய் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"ஒண்ணு, எனக்குப் பென்சன் வருது. உங்களுக்கு அன்னைக்கு வேலை போனா போனதுதான். இன்னொண்ணு இருக்கு. அந்த லேப்டாப்பெல்லாம் பழசுன்னு எனக்குத் தெரியும். அதுகளுக்காகத்தான் தனியா ஒரு வழி வச்சேன். உங்ககிட்ட அதைச் சொன்னா, 'எங்க எழுதியிருக்கு'ன்னு கேப்பீக. எழுதவும் மனசில்லை. எனக்கு மட்டும் தெரியுங்கிற ஒரு பெருமை மேடம். பட்டாளத்துல அதுக்குப் பேரு ரகசியம். இங்க அது திமிருதானே? கதவைச் சாத்துனது நீங்க, சரி. உள்ள வர வேண்டிய ஆளு வெளிய இருக்கான்னு சொல்லாதது யாரு?"

"நான் போய் முதல்வர்கிட்ட சொல்லிருதேன் அண்ணாச்சி."

"இப்பம் போயிச் சொன்னா, வெள்ளைச்சாமி பொய் சொன்னான்னுல்ல ஆகும்? முப்பது வருசமா அந்தப் பேரு எடுக்கல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "செத்த இருங்க, ஒரு லாட்ஜ் ரவுட்டரு படுத்துது. வந்ததுக்கு அதைப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. ஆகவே ஏற்றுக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தவரை அதை மறுபடி எடுக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது ஃபோனில் பேசிக்கொண்டோம். பெட்டிகளைப் பற்றித்தான் பேச்சு. அதற்குள்ளேயே எங்களுக்கு எல்லாம் இருந்தது.

ராஜபாளையத்தில் என் தெருக்காரர்களுக்கு அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலமாகத் தெரியும். மாலையானால் என் வீட்டில் இணையம் திக்கித் திணறியது. அவர் வந்தார், என் ரவுட்டரைத் தொடவே இல்லை. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் இரண்டு முறை நடந்தார். "ஒம்பது வீடு மேடம். அம்புட்டும் ஆறாம் சேனல்ல, முழுப் பவர்ல நிக்குது. உங்க வீட்டுல ஒண்ணும் கோளாறு இல்லை. தெருவுலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டத் தொடங்கினார். எதிர்வீட்டு மாமா மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என் வீட்டுப் பவரைக் குறைக்க நீ யாருய்யா?"

"குறைக்க வேண்டாம். உங்க மகன் அமெரிக்காவுல இருந்து பேசும்போது முகம் கட்டங்கட்டமாத் தெரியுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

மாமா கதவை விட்டு விலகினார். உள்ளேயிருந்து அத்தை தெலுங்கில் உட்காரச் சொல்லி, "ராண்டி, கூர்சோண்டி, காபி?" என்றார். பட்டாளத்து நண்பர்களிடம் கற்ற அரைகுறைத் தெலுங்கில் அண்ணாச்சி, "காபி வத்து, பாஸ்வேர்டு காவாலி" என்றார்; காபி வேண்டாம், பாஸ்வேர்டுதான் வேண்டும் என்று. அத்தை சிரித்துக்கொண்டே பாஸ்வேர்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "என்கிட்டயும் சொல்லாதீக! நீங்களே அடிங்க!" மதியத்துக்குள் ஒன்பது வீடுகளும் ஒன்று, ஆறு, பதினொன்று என்று வரிசையாகப் பிரிந்து நின்றன. எங்கள் தெருவில் ஒன்பது வீட்டாரும் ஒரே விஷயத்துக்கு ஒப்புக்கொண்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அவர் இறந்து ஒரு மாதம் கழித்து மதினியைப் பார்க்கப் போனேன். அவர்களுடைய மகன் பட்டாளத்தில் இருக்கிறான், காரியம் முடிந்து வடக்கே திரும்பிப் போயிருந்தான். மகளும் மருமகனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். மருமகன் கணினித் துறைக்காரர். வீட்டு ரவுட்டரைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மேடம், மாமா வீட்டுல ரெண்டு நெட்வொர்க் வச்சிருக்காரு. ஒண்ணு பழைய என்கிரிப்ஷன். அது சேஃப் இல்லையே. எடுத்துரலாம்ல?"

"அதில யாரு இணைஞ்சிருக்கான்னு பாருங்க" என்றேன்.

"ஒரே ஒரு ஃபோன்தான். ரொம்பப் பழைய மாடல்."

சமையலறையிலிருந்து மதினி எட்டிப் பார்த்தார். "அது என்னுது மேடம். எம் மகன் சாயங்காலம் அதுலதான் பேசுவான். புதுசு வாங்கித் தாரேன்னாக, எனக்கு இதுதான் கைக்குப் பழகுனதுன்னேன். 'சரி, ஒனக்குன்னு ஒரு வழி தொறந்து வைக்கேன், கெட'ன்னாக."

"அது இருக்கட்டும் தம்பி" என்றேன். "முதல்ல அம்மாவுக்கு வேற ஃபோன் பழகட்டும். பொறவு எடுக்கலாம்." அந்த இரண்டாவது வழி யாருக்காக, எதற்காக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்கு அடியில் வைக்கவும் சொன்னேன். அண்ணாச்சிக்குப் பிடித்திருக்காது. ஆனால் எங்கள் இருவருடைய தவறுக்கும் சேர்த்து அந்தத் தாள்.

கிளம்பும்போது மதினி அந்த நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது எங்களுக்கு என்னத்துக்கு? உங்களுக்குத்தான் புரியும்." பேருந்தில் புரட்டிக்கொண்டே வந்தேன். நூலகம், விடுதி, கணினி மையம். அழித்து அழித்து எழுதிய எண்கள். தேர்வு நாளுக்கான பக்கத்தில் எண் எதுவும் இல்லை. ஒரே வரி: 'பழைய லேப் மூடியாச்சு. மேடத்துட்ட முன்னமே சொல்லியிருக்கணும்.'

யார் மூடியது என்று அவருடைய சொந்த நோட்டில்கூட அவர் எழுதவில்லை.

போன வாரம் இப்போதைய முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். அன்று நடந்ததையும், கோப்பில் இருக்கும் அந்த ஒரு வரியை எழுதியது யார் என்பதையும் அதில் சொல்லியிருக்கிறேன். அவர் படித்துவிட்டு, "இத்தனை நாள் கழிச்சு எதுக்கு மேடம்? யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கப் போகுது?" என்றார். "இருக்கு சார்" என்றேன். அந்தக் கடிதம் இப்போது பழைய கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் இருக்கிறது. அண்ணாச்சியை அறிந்த உங்களுக்கு இந்தக் கட்டுரை. அந்த நாளைப் பற்றி இனி பேச நேர்ந்தால் என் பெயரைச் சொல்லுங்கள். முதல்வர் முன்னால் அண்ணாச்சி பொய் சொன்னார் என்பதையும் சொல்லுங்கள். அது அவருக்குப் பிடிக்காது, ஆனால் அது உண்மை.

எந்த அமைப்பை மாற்றினாலும், கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் வெளியே யார் நிற்கிறார்கள் என்று இப்போது கேட்டுவிடுகிறேன். பதில் கிடைக்காவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கிறேன். அது அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் எழுதிய அந்த ஒரு வரிக்குக் கீழே பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. அதில் 'மூடியது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவருடையதெல்லாம் பென்சில். இதை மட்டும் பேனாவால் எழுதினேன்.